புயல் வந்த பிறகு வருந்தலாமா?
வீட்டை "இன்சூர்" செய்யுங்கள்!

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே "கஜா" புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் காற்று வீசியது.

கடற்கரையோடு புயல் நிற்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்திலும் புகுந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வீடுகள் மீதும் மரங்கள் விழுந்தன. ஓடுகள் நொறுங்கின. கூரைகள் பறந்தன.

ஒரே இரவில் இரண்டு அடி! சோறு போட்ட தென்னை போயிற்று. குடியிருந்த வீடும் போயிற்று. வீடு கட்டப் பணம் தேவைப்பட்ட நேரத்தில் வருமானமும் இல்லை!

உதவித்தொகை போதுமா?

அரசாங்கம் உதவி அறிவித்தது. முழுவதும் சேதமான குடிசைக்கு 10 ஆயிரம் ரூபாய். ஓரளவு சேதமான குடிசைக்கு 4,100 ரூபாய்.

அவசரத்துக்கு இது கைகொடுக்கும். அடுப்பில் உலை ஏறும். ஆனால், இதை வைத்து வீடு கட்ட முடியுமா? மீதிப் பணத்துக்கு வட்டிக் கடைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் மனைவியின் நகையை விற்க வேண்டும்.

இந்த இரண்டும் வேண்டாம் என்றால், மூன்றாவது வழி உண்டு. அதுதான் வீட்டு இன்சூரன்சு.

எதற்கெல்லாம் பணம்?

"பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பாலிசி 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் ஆகியவற்றால் வீடு சேதமானால் பணம் கிடைக்கும். மரம் விழுந்து இடிந்தாலும் கிடைக்கும்.

எவ்வளவு தொகைக்கு?

மனையின் விலையைச் சேர்க்க வேண்டாம். புயல் மனையைத் தூக்கிக்கொண்டு போகாது அல்லவா? கட்டிடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு.

1,000 சதுர அடி வீடு என்று வைத்துக் கொள்வோம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் செலவானால், 20 லட்சத்துக்கு இன்சூர் செய்ய வேண்டும். அப்போது வீட்டுச் சாமான்களுக்கும் 20 சதவீதம், அதாவது 4 லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்பு தானாகவே சேர்ந்துவிடும். நகைகளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். தோட்டத்து மரங்கள் இதில் சேரா.

கவனம் தேவை

கீற்று வீடாக இருந்தால், பணம் கட்டும் முன்பே கம்பெனியில் விவரம் கேளுங்கள்.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடனோடு போட்ட இன்சூரன்சு உங்கள் உயிருக்கா, வீட்டுக்கா? உயிருக்கு மட்டும் என்றால், சுவர் இடிந்தால் ஒரு காசும் வராது!

சேதம் ஏற்பட்டால், உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். இடிபாட்டை அகற்றும் முன் போட்டோ எடுங்கள். மதிப்பிட வரும் அதிகாரியிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். கம்பெனியிடம் எழுதிக் கேட்டும் நியாயம் கிடைக்காவிட்டால், சென்னையில் இன்சூரன்சு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவரிடம் புகார் செய்யக் கட்டணம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்கள். புயல் கூண்டு ஏற்றிய பிறகு ஓடுவானேன்? ஆடியிலேயே இரண்டு மூன்று கம்பெனிகளில் கட்டணத்தை விசாரித்து, பாலிசியை எடுத்து வையுங்கள்.