பாரிஸில் வாழ்ந்த ராஸாவும் கிராமப் பாடசாலைப் புள்ளியும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாரிஸ் அந்நிய நகரமன்று. பிள்ளைகளோ சகோதரர்களோ அங்கு வாழ்கின்றனர். அவர்கள் தமது வேரை மறந்துவிடுவார்களோ என்ற கவலையும் இங்குள்ள பெற்றோருக்கு உண்டு. பிரான்ஸில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் வாழ்ந்த ஓவியர் சையத் ஹைதர் ராஸாவின் வாழ்க்கை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

ராஸா 1922இல் மத்திய இந்தியாவின் மண்ட்லா மாவட்டத்தில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் வனத்துறை உத்தியோகத்தர். பாடத்தில் மனம் ஒன்றாத அச்சிறுவனுக்காகப் பாடசாலை ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியை வரைந்து, அதனையே உற்றுநோக்குமாறு பணித்தார்.

நாக்பூரிலும் பம்பாயிலும் ஓவியம் பயின்ற ராஸா, 1947இல் சூசா, ஹுசைன், ஆரா முதலியோருடன் இணைந்து முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தார். கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற் முதலியோர் 1943இலேயே '43 குழு'வைத் தொடங்கியிருந்தனர். ஆங்கிலேயர் கற்பித்த ஓவிய முறையிலிருந்து விடுபடுவதே இவ்விரு குழுக்களினதும் நாட்டமாகும்.

பிரிவினையை அடுத்து ராஸாவின் உடன்பிறந்தோர் பாகிஸ்தான் சென்றனர். அவரோ இந்தியாவிலேயே தங்கினார். 1948இல் காஷ்மீரில் அவரைச் சந்தித்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸோன், அவரது ஓவியங்களில் கட்டமைப்புப் போதாதென்றும் செஸானின் ஓவியங்களைப் பயில வேண்டுமென்றும் கூறினார். 1950இல் பிரெஞ்சு அரசின் புலமைப்பரிசில் பெற்றுப் பாரிஸ் சென்ற ராஸா, 1956இல் அந்நாட்டின் விமர்சகர் பரிசை வென்றார். பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை.

புகழ் வந்த பின்னரும் மனநிறைவு வரவில்லை. பாரிஸில் கற்ற கலையில் தனது மண் எங்கே என்ற கேள்வி அவரை வாட்டியது. 1970களில் இந்தியாவுக்கு மீண்டும் மீண்டும் பயணித்தார். ஆசிரியர் வரைந்த அந்தப் புள்ளி, 'பிந்து' என்னும் பெருங்கரு வட்டமாக அவரது திரைகளில் எழுந்தது. அனைத்தும் முளைக்கும் வித்தாக அதனை அவர் கண்டார். ஒன்றையே திரும்பத் திரும்ப வரைகிறார் எனக் குறைகூறியோரும் உண்டு. ஆயினும் உலகம் அவரை அடையாளங்கண்டது அப்புள்ளியினாலேயே.

2010இன் இறுதியில் தாயகம் திரும்பிய ராஸா, 2016 ஜூலை 23ஆம் திகதி டெல்லியில் காலமானார். அவரது விருப்பப்படி மண்ட்லாவில் தந்தையாரின் அடக்கத்தலத்துக்கு அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். 2023இல் பாரிஸின் பொம்பிடு நிலையம் அவரது ஓவியங்களுக்கெனப் பெருங்கண்காட்சி நடத்திச் சிறப்பித்தது.

ஓவியத்தின் இலக்கணத்தைப் பாரிஸ் கற்பித்தது. வரைவதற்கான பொருளைக் கிராமப் பாடசாலை முன்னரே கொடுத்திருந்தது. பிள்ளை எந்நாட்டில் வாழ்வான் என்பதை இன்று எவராலும் உறுதியாகக் கூறவியலாது. ஆனால் அவன் எதைச் சுமந்து செல்வான் என்பது, இளமையில் வீடும் பாடசாலையும் அவனுக்கு அளிப்பதைப் பொறுத்ததே. சித்திர பாடத்தைப் பரீட்சைக்கு உதவாததென ஒதுக்கும் பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.