மேசைக் கணினி மின்வடம்

மேசைக் கணினி மின்வடம் என்பது கணினிப் பெட்டியினுள் உள்ள மின்வழங்கியைச் சுவரிலுள்ள சாக்கெட்டுடன் இணைக்கும், இரு முனைகளிலும் கழற்றக்கூடிய வடம் ஆகும். பேச்சு வழக்கில் இது பவர் கார்டு எனப்படுகிறது. கணினியை இயக்கும் வடங்கள் அனைத்தும் பாதுகாப்பானவை அல்ல. கணினி இயங்க இரண்டு கம்பிகளே போதும். பயன்படுத்துபவரைக் காப்பது மூன்றாவது கம்பியாகிய புவி இணைப்புக் கம்பியே.

அமைப்பு

வடத்தின் கணினிப் பக்க முனை, பன்னாட்டு மின்தொழினுட்ப ஆணையத்தின் 60320 சீர்தரத்தில் சி13 எனக் குறிக்கப்படுகிறது. இதன் அளவு 10 ஆம்பியர். சுவர்ப் பக்க முனை நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் ஐ.எஸ். 1293 சீர்தரப்படி அமைந்த, மூன்று உருளை முள்கள் கொண்ட 6 ஆம்பியர் செருகி பயன்படுகிறது. எனவே இங்கு முழு வடத்தின் அளவும் 6 ஆம்பியரே. புவி முள் மற்ற இரண்டை விடத் தடித்தும் நீண்டும் இருக்கும். செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது.

தேவையான மின்னோட்டம்

300 வாட் வழங்கும் மின்வழங்கியின் பயனுறுதிறன் 80 விழுக்காடு எனில், அது சுவரிலிருந்து 375 வாட் பெறும். 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 1.6 ஆம்பியர். ஒவ்வொன்றும் 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள மூன்று செப்புக் கம்பிகள் கொண்ட வடம் இதனை எளிதில் தாங்கும். மலிவு வடங்கள் சிலவற்றில் செப்புப் பூச்சிட்ட இரும்பு அல்லது அலுமினிய இழைகள் இருக்கும். இவற்றின் மின்தடை கூடுதல் என்பதால் வடம் சூடேறும். இந்தியச் செருகிகளில், பிரித்தானியச் செருகிகளில் உள்ளது போன்ற உருகி இல்லை. ஆகவே குறுக்குச்சுற்று ஏற்பட்டால், வீட்டின் மின்பலகையில் உள்ள காப்புக் கருவி செயற்படும் முன்பே மெல்லிய வடம் உருகிவிடக்கூடும்.

புவி இணைப்பின் பங்கு

மின்வழங்கியின் நுழைவில் உள்ள இரைச்சல் வடிப்பியின் இரு சிறிய மின்தேக்கிகள், மின்னோட்டக் கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் உலோகப் பெட்டியுடன் இணைக்கின்றன. புவி இணைப்பு அறுந்திருந்தால் பெட்டியின் மின்னழுத்தம் 115 வோல்ட் அளவில் நிற்கும். பெட்டியைத் தொடும்போது உணரப்படும் சுரீர் என்ற சிறு அதிர்ச்சிக்கு இதுவே காரணம். இந்த மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் அது ஓர் எச்சரிக்கை. உள்ளே காப்பு பழுதாகி மின்னோட்டக் கம்பி பெட்டியைத் தொட்டால், பெட்டி முழு 230 வோல்ட்டையும் பெறும், உயிரிழப்பும் நேரலாம்.

வடம் நன்றாக இருந்தும் சாக்கெட்டில் புவி இணைப்பு இல்லாதிருக்கலாம். மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் பெருமளவு மழை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. நெடிய வறண்ட மாதங்களில் மண் காய்ந்து, எர்த் குழியின் மின்தடை உயரும். கரியும் உப்பும் இட்ட குழியில் அவ்வப்போது நீர் ஊற்றும் வழக்கம் இதன் பொருட்டே.

தெரிவு செய்யும் முறை

• செருகியிலும் வடத்திலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதனுடன் சீர்தர எண்ணும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.
• வடத்தின் மேலுறையில் 0.75 சதுர மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அளவு அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.
• வடத்தின் இரு முனைகளையும் கழற்றிய நிலையில், செருகியின் தடித்த முள்ளுக்கும் சி13 முனையின் நடுத்துளைக்கும் இடையே தொடர்ச்சி உள்ளதா எனப் பல்மானியால் சோதிக்க வேண்டும். மூன்று முள் இருந்தும் உள்ளே இரண்டு கம்பிகளே உள்ள வடங்களும் உண்டு.
• இழைகளைக் காந்தம் ஈர்த்தால் அவை செம்பு அல்ல. ஆனால் அலுமினியத்தை இச்சோதனை காட்டாது.
• 125 வோல்ட் எனக் குறித்த அமெரிக்க வடங்களை மாற்றுச் செருகியுடன் 230 வோல்ட்டில் பயன்படுத்தலாகாது.
• புவி முள்ளை வெட்டியோ, இருமுள் மாற்றியில் பொருத்தியோ பயன்படுத்துதல் தவறு.

பெயர் பெற்ற நிறுவனத்தின் வடமும் பழுதுபடலாம். 2014 ஆகத்து மாதம் எச்.பி. நிறுவனம், மடிக்கணினிகளுடன் வழங்கிய எல்.எஸ்-15 என்ற குறியுள்ள ஏறத்தாழ 60 இலட்சம் வடங்களை, சூடேறித் தீப்பற்றும் இடர் காரணமாகத் திரும்பப் பெற்றது. பயன்பாட்டில் உள்ள வடத்தின் முனைகள் தொடுவதற்குச் சுட்டாலோ, நிறம் மாறினாலோ, தளர்ந்தாலோ, ஒட்டுப் போடாமல் முழு வடத்தையும் மாற்றுவதே முறை.