மருந்தைச் செல்லிடம் சேர்க்கும் திரவம்

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினைப் பொடியாக வாங்கித் தண்ணீரில் போட்டால், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. மருந்தாகுமா என்று சோதிக்கப்படும் சேர்மங்களில் பலவும் இதே ரகம்தான். ஆய்வகத்தில் வளரும் செல்களோ உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்த நீரில், அதாவது வளர்ப்பு ஊடகத்தில், வாழ்பவை. மருந்தை அங்கே கொண்டுசேர்க்க ஒரு கரைப்பான் வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் எடுப்பது டைமெத்தில் சல்ஃபாக்சைடை. ஆய்வகப் பேச்சில் அது டிஎம்எஸ்ஓ. 1866-ல் ரஷ்ய வேதியியலர் அலெக்சாண்டர் ஸாய்ட்செவ் முதலில் தயாரித்தது. தண்ணீரோடு தாராளமாகக் கலக்கும்; தண்ணீரில் கரையாத பலவற்றையும் கரைக்கும். 18.5 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடுவதால், குளிரூட்டிய அறையில் இரவு முழுக்க இருந்த புட்டி காலையில் பளிங்குக் கட்டியாக இறுகிக் கிடக்கும். கையுறை போட்ட கைக்குள் பொத்தி வைத்தால் ஓரத்திலிருந்து மெல்ல இளகும். கையுறை கட்டாயம்: இத்திரவம் தோலுக்குள் எளிதில் இறங்கும், தன்னில் கரைந்ததையும் கூடவே கூட்டிச்செல்லும்.

வழக்கமான கணக்கு இது. 10 மில்லிமோலார் மருந்துக் கரைசலை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால் செல்லுக்குக் கிடைப்பது 10 மைக்ரோமோலார் மருந்து, 0.1 சதவீதம் டிஎம்எஸ்ஓ. அந்த அளவைப் பெரும்பாலான செல்கள் தாங்கும். கூடினால் கரைப்பானே வேலையைக் காட்டும். எச்எல்-60 என்ற ரத்தப் புற்றுச் செல்களை 1.25 சதவீத டிஎம்எஸ்ஓவில் சில நாள் வளர்த்தால், மருந்தே இல்லாமல் முதிர்ந்த வெள்ளணுக்களைப் போல மாறத் தொடங்கும்! அதனால்தான் மருந்தில்லாமல் அதே அளவு கரைப்பான் மட்டும் சேர்த்த செல்களையும் பக்கத்தில் வளர்க்க வேண்டும். வெறும் ஊடகத்தோடு ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல.

சிஸ்பிளாட்டின் விஷயம் இன்னும் கவலை தருவது. இந்தப் புற்றுநோய் மருந்தின் பிளாட்டினம் அணுவோடு இரண்டு குளோரைடுகள் ஒட்டியிருக்கும். டிஎம்எஸ்ஓவின் கந்தகம் அந்தக் குளோரைடைத் தள்ளிவிட்டுத் தான் போய் ஒட்டிக்கொள்ளும். மருந்தின் வீரியம் போய்விடும். அப்படிக் கரைத்துச் செய்த ஆய்வுகளும் அச்சேறியிருக்கின்றன. எத்தனை பேருடைய உழைப்பு! இந்த மருந்துக்கு 0.9 சதவீத உப்புநீரே சரி. அதில் நிறைந்திருக்கும் குளோரைடு மருந்தைக் குலையாமல் காக்கும்.

கரைப்பானில் கரைந்ததோடு வேலை முடியாது. தெளிந்த கரைசலின் ஒரு சொட்டு ஊடகத்தில் விழுந்ததும், நீரைக் கண்ட மருந்து மறுபடி துகளாகத் திரளலாம். 10 மைக்ரோமோலார் என்று நாம் குறிப்பேட்டில் எழுதியிருப்போம். செல்லைத் தொடுவது அதில் ஒரு பங்காக இருக்கும். மருந்து சேர்த்த சில நிமிடங்களில் செல்கள் வளரும் தட்டை நுண்ணோக்கியில் வையுங்கள். செல்களுக்கு நடுவே ஊசி ஊசியாகப் படிகங்கள் தெரிந்தால், அன்றைய சோதனையை அங்கேயே நிறுத்திவிடலாம்.