கியர்பாக்ஸ் மாறினால் வேகமானியும் மாற வேண்டும்

பழைய காரின் வேகமானிக்குக் காரின் வேகம் நேரடியாகத் தெரியாது. கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து வரும் கேபிள் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டுமே தெரியும். அந்தச் சுற்றுகளைத் தீர்மானிப்பவை இரண்டு சிறிய பல்சக்கரங்கள். கியர்பாக்ஸை மாற்றும்போது அவையும் மாறிவிடுகின்றன. அதனால்தான் வேகமானியில் ஒரு பழுதும் இல்லாமலே முள் தவறாகக் காட்டத் தொடங்குகிறது.

கேபிளின் சுற்று முள்ளின் அசைவாக மாறும் விதம் எளிமையானது. ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை அது. கேபிளின் முனையில் ஒரு காந்தம் சுழல்கிறது. அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த இழுப்பில் கிண்ணம் திரும்பப் பார்க்க, மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுக்கிறது. இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களும் அதே கேபிளால்தான் நகர்கின்றன. ஆனால் அங்கே காந்தம் கிடையாது, பல்சக்கரங்கள் மட்டுமே உண்டு.

அமெரிக்கக் கார்களில் பொதுவாக ஒரு மைலுக்குக் கேபிள் 1,000 சுற்று சுற்ற வேண்டும் என்பது கணக்கு. மணிக்கு 60 மைல் என்பது நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே அந்த வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும். பிரிட்டிஷ் கார்களில் இருந்த ஸ்மித்ஸ் வேகமானிகளில் இந்த எண் காருக்குக் கார் வேறுபடும். முகப்பிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வெளிவரும் தண்டில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதைத் தண்டுச் சக்கரம் எனலாம். அதோடு பிணைந்து சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் கேபிளின் முனையில் மாட்டியிருக்கும். அது கேபிள் சக்கரம். தண்டுச் சக்கரம் வெளித்தண்டில் அமர்ந்திருப்பது முக்கியமான செய்தி. ஐந்தாவது கியர் கூடுதலாக வந்துவிட்டதால் வேகமானி குழம்புகிறது என்று பலர் நினைப்பது தவறு. முதல் கியரானாலும் ஓவர்டிரைவ் ஆனாலும், வெளித்தண்டு ஒரு சுற்று சுற்றினால் சக்கரங்கள் நகரும் தூரம் ஒன்றுதான். அந்தத் தூரத்தை முடிவு செய்வது பின் ஆக்ஸிலின் விகிதமும் டயரின் அளவும். கியர்பாக்ஸின் உள்விகிதங்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

1960-களின் ஃபோர்டு மஸ்டாங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் காரில் இருந்த நான்கு கியர் பெட்டியையோ ஆட்டோமேட்டிக் பெட்டியையோ எடுத்துவிட்டு, 1983 முதல் மஸ்டாங்கில் வந்த ஐந்து கியர் டி-5 பெட்டியைப் பொருத்துவது அமெரிக்காவில் வெகுவாக நடக்கும் வேலை. நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாக ஓடும் என்பதே ஈர்ப்பு. இந்த மாற்றத்துக்கு வேண்டிய கணக்கு ஒரு வரிதான்: தண்டுச் சக்கரத்தின் பற்களை ஆக்ஸில் விகிதத்தால் பெருக்கி, அதை டயர் ஒரு மைலுக்குச் சுற்றும் சுற்றுகளால் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால், கேபிள் சக்கரத்துக்கு வேண்டிய பற்கள் கிடைக்கும்.

தண்டுச் சக்கரத்துக்கு 7 பல், ஆக்ஸில் விகிதம் 3.00, டயர் மைலுக்கு 830 சுற்று என்று கொண்டால் விடை 17.4. அதாவது 17 பல் சக்கரம் போதும். ஆக்ஸில் 3.55 ஆக இருந்தால் விடை 20.6. கிட்டத்து முழு எண் 21 என்றாலும் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 21 பல் போட்டால் கார் உண்மையில் 60 மைலில் போகும்போது முள் 59 காட்டும். 20 பல் போட்டால் 62 காட்டும். பல நாடுகள் ஏற்றுள்ள ஐ.நா. 39-ஆம் விதிமுறைப்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. உண்மை வேகத்தின் பத்து விழுக்காட்டோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவு வரை கூட்டிக் காட்டலாம். பழைய காரை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் நியாயம் சரியானது என்பதால் 20 பல்லைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

எல்லா டி-5 பெட்டிகளிலும் 7 பல் இருக்காது. 8 பல் தண்டுச் சக்கரமும் உண்டு. 3.55 ஆக்ஸிலோடு அது சேர்ந்தால் விடை 23.6 ஆகிவிடுகிறது. கிடைக்கும் கேபிள் சக்கரங்கள் பொதுவாக 16 முதல் 23 பல் வரைதான். அப்போது தண்டுச் சக்கரத்தையே மாற்றுவது சரியான வழி. அதற்கு வால்பகுதி உறையைக் கழற்ற வேண்டும். கேபிள் சக்கரத்துக்கோ ஒரு போல்ட்டைக் கழற்றினால் போதும்.

கணக்குக்கு வேண்டிய எண்களைத் தாளில் தேடுவதைவிட வண்டியில் அளப்பதே நம்பகமானது. பழைய காரின் ஆக்ஸில் இதற்கு முன்பே மாறியிருக்கலாம். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு சக்கரத்தைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கைதான் சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரின் விகிதம். டயருக்கு, காற்றைச் சரியாக அடைத்து, ஓட்டுநரை உட்கார வைத்து, சாக்கட்டியால் குறியிட்டு ஒரு சுற்று உருட்டி அளக்கலாம். 1.94 மீட்டர் வந்தால் மைலுக்கு 830 சுற்று. விட்டத்தை மட்டும் அளந்து கணக்கிட்டால் பிழை வரும். பாரம் ஏறியதும் டயர் தரையில் சற்று நசுங்குகிறது.

ஏற்கெனவே ஓடும் காரில் முள் தவறாகக் காட்டினால், முதலில் ஓடிய தூரத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்தப் படியைப் பெரும்பாலோர் தவிர்த்துவிட்டு வீணாகச் சக்கரம் வாங்குகிறார்கள். பத்து மைல் ஓட்டி ஜிபிஎஸ்-உடன் ஒப்பிடலாம். தூரம் சரியாக இருந்து முள் மட்டும் தவறினால், பல்சக்கரங்களில் குறையில்லை. காந்தமோ சுருள்வில்லோ தளர்ந்திருக்கிறது, வேகமானியைப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் தவறினால் பல்சக்கரம்தான் காரணம். அப்போது இப்போதைய பற்களை முள் காட்டும் வேகத்தால் பெருக்கி உண்மை வேகத்தால் வகுக்க வேண்டும். 18 பல்லோடு 60-இல் போகும் கார் 66 காட்டினால், 20 பல் வேண்டும். கேபிள் சக்கரத்தில் பல் கூடினால் முள் இறங்கும். இதைத் தலைகீழாகச் செய்து பிழையை இரட்டிப்பாக்குவது அடிக்கடி நடக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 350, 700-ஆர்4 போன்ற ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் இன்னொரு கவனம் தேவை. கேபிள் சக்கரத்தைத் தாங்கும் கூடு பற்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வேறுபடுகிறது. கூடு பொருந்தாமல் போட்டால் பற்கள் ஆழமாக இறங்காமல் நழுவும், அல்லது இறுகித் தேய்ந்துபோகும். பொருத்தமான சக்கரமே கிடைக்காதபோது கேபிளின் நடுவே மாட்டும் விகிதப் பெட்டி உதவும். 1990-களுக்குப் பிந்தைய பல பெட்டிகளில் கேபிளுக்கு இடமே இல்லை. மின்னணு உணரிதான் இருக்கிறது. பழைய முகப்பை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் அந்தச் சமிக்ஞையைக் கொண்டு கேபிளைச் சுழற்றும் சிறு மோட்டாரைப் பொருத்துகிறார்கள்.

இத்தனையிலும் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை, கியர்பாக்ஸ் தரையில் கிடக்கும்போதே தண்டுச் சக்கரத்தின் பற்களை எண்ணி எழுதிக்கொள்வது. சக்கரத்தின் நிறத்தை வைத்துப் பற்களை ஊகிக்க வேண்டாம், விரலால் தொட்டு எண்ணுங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு அதை எண்ண வேண்டுமென்றால் பெட்டியை மறுபடி பிரிக்க நேரலாம்.