கம்பிவட இணையமும் கட்டற்ற கணினியும்

இணைய இணைப்பு அமைத்துத்தர வரும் பணியாளர் சிலர், கணினித் திரையில் தமக்குப் பழக்கமில்லாத இயக்க அமைப்பைக் கண்டதும் ‘இதில் இணைப்பு வராது’ என்று கூறிவிடுவதுண்டு. அச்சொல்லை நம்பி, நன்கு இயங்கிவந்த லினக்ஸ் அமைப்பை நீக்கிவிட்டு, விலை கொடுத்து வேறோர் அமைப்பை நிறுவிக்கொள்வோரும் உளர். அக்கூற்றில் உண்மை உண்டா என்பதை அறிய, கம்பிவடத்தின் வழியே இணையம் வீட்டிற்குள் வரும் முறையையும், அதில் கணினிக்குரிய பங்கையும் நாம் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

லினக்ஸ் நமக்கு அயலானதன்று. ஃபின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கருநிரலும், ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்களும் இணைந்து உருவானதே இவ்வமைப்பு. இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது.

இனி வடத்தைக் காண்போம். நடுவே ஒரு செம்புக் கம்பியும், அதனைச் சூழ்ந்து மின்காப்புப் பொருளும், அதன்மேல் உலோக வலையும் கொண்டது ஓரச்சு வடம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கொண்டுவருவதற்காகவே இது முதலில் வீடுகளுக்கு இழுக்கப்பட்டது. ஒரே வடத்தில் பல அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலவாமல் வருவதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிர்வெண் ஒதுக்கப்பட்டிருப்பதே ஆகும். அமெரிக்க முறையில் ஓர் அலைவரிசையின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பிய முறையில் 8 மெகாஹெர்ட்ஸ். இவற்றுள் சிலவற்றைத் தொலைக்காட்சிக்கு அளிக்காமல் தரவுக்கென ஒதுக்கினால், அதே வடம் இணையத்தையும் சுமக்கும். இதற்கான பொது நெறிமுறை டாக்சிஸ் என்னும் பெயரில் 1997இல் வெளியாயிற்று. அதற்கு முன்னர் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தமக்கென ஒரு முறையைக் கையாண்டதால், ஒருவர் செய்த மோடம் மற்றொருவரின் வலையமைப்பில் இயங்குவது அரிதாக இருந்தது.

மோடத்திற்கு மின்சாரம் கொடுத்தவுடன் அது தன் பணியைத் தொடங்கிவிடுகிறது. முதலில் தரவுக்குரிய அலைவரிசையைத் தேடிப் பிடிக்கிறது. பின்னர், தான் அனுப்பும் குறிப்பலை தலைமையிடத்தை உரிய வலிமையோடும் உரிய நேரத்திலும் சென்றடையுமாறு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதன்பின் தனக்குரிய அமைவுக் கோப்பைப் பெற்றுப் பதிவுசெய்துகொள்கிறது. இவை முடிந்ததும், அதுவரை விட்டுவிட்டு ஒளிர்ந்த விளக்கு நிலையாக ஒளிரும். இவற்றுள் எதிலும் கணினிக்குப் பங்கில்லை. கணினியை அணைத்துவைத்திருந்தாலும் மோடம் இவற்றைச் செய்துமுடிக்கும். ஆகவே, வடத்தின் மறுமுனையில் இருக்கும் நிறுவனத்திற்கு, நம் கணினியில் எந்த இயக்க அமைப்பு உள்ளது என்பது ஒரு பொருட்டே அன்று.

மோடத்திற்கும் கணினிக்கும் இடையே எஞ்சியிருப்பது ஓர் ஈதர்நெட் வடம் மட்டுமே. பழைய மோடங்கள் சிலவற்றில் யுஎஸ்பி துளையும் உண்டு. இரண்டும் இருப்பின் ஈதர்நெட்டைத் தேர்ந்துகொள்வதே நன்று. பெரும்பாலான ஈதர்நெட் அட்டைகளுக்குரிய இயக்கிகள் லினக்ஸ் கருநிரலிலேயே அடங்கியுள்ளன. எனவே நிறுவனம் தரும் குறுவட்டு இங்குத் தேவைப்படாது.

வடத்தைச் செருகியதும் கணினிக்கு ஓர் இணைய முகவரி வேண்டும். அதனைப் பெற்றுத்தருவது டிஎச்சிபி என்னும் நெறிமுறை. ஊருக்குப் புதியவர் ஒருவர் தெருமுனையில் நின்று, ‘இங்கே வாடகைக்கு வீடு உண்டா?’ என்று யாவரும் கேட்கும்படி வினவுகிறார். ஒருவர், ‘என்னிடம் ஒன்று உண்டு’ என்கிறார். ‘அதையே நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார் வந்தவர். ‘அவ்வாறே ஆகுக’ என்று ஒப்புதல் கிடைக்கிறது. கணினியும் வழங்கியும் இவ்வாறே நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. வாடகை என்னும் உவமை முற்றிலும் பொருந்துவதே. கிடைக்கும் முகவரிக்குக் காலவரையறை உண்டு, அதற்குள் கணினி அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உபுண்டு போன்ற அமைப்புகளில், அமைவுகள் பகுதியில் உள்ள வலையமைப்புப் பக்கத்தில், கம்பி இணைப்பிற்கு ‘தானியங்கி’ என்பது முன்னரே தேர்வாகியிருக்கும். பல நேரங்களில் நாம் செய்ய வேண்டியது வேறொன்றும் இல்லை.

ஆயினும் ஓர் இடர் அடிக்கடி நேர்வதுண்டு. ஒவ்வோர் ஈதர்நெட் அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள வன்பொருள் எண் ஒன்று உண்டு. மோடங்கள் பல, தம்மோடு முதலில் பேசிய அட்டையின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, வேறு அட்டைக்கு விடையளிக்க மறுத்துவிடும். நேற்றுவரை வேறொரு கணினியில் இருந்த வடத்தை இன்று லினக்ஸ் கணினியில் செருகினால் இணைப்பு வாராமைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழியோ லினக்ஸின்மேல் விழுகிறது! மோடத்தின் மின்சாரத்தை நிறுத்திச் சில நிமிடங்களுக்குப் பின் மீண்டும் கொடுத்தால் பழைய நினைவு அழிந்துவிடும். நிறுவனமே எண்ணைப் பதிந்துவைத்திருப்பின், புதிய எண்ணை அவர்களுக்குத் தெரிவித்தல் வேண்டும். அந்த எண் மேற்சொன்ன வலையமைப்புப் பக்கத்திலேயே காணப்படும்.

நம் ஊர்களில் இணைப்பு வழங்குவோர் பலர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, பிபிபிஓஇ என்னும் முறையைப் பின்பற்றுவதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வீட்டில் திசைவி இருந்தால் அவற்றை அதிலேயே பதிந்துவிடலாம். கணினி வழக்கம்போல் தானியங்கி முறையிலேயே இயங்கும். வடம் நேரே கணினிக்கு வருமாயின், லினக்ஸின் இணைப்புத் திருத்தியில் ‘டிஎஸ்எல்’ என்னும் வகையைத் தேர்ந்து அவ்விரண்டையும் இட வேண்டும். தொலைபேசிக் கம்பிக்குரிய அப்பெயர் குழப்பம் தருவதே. எனினும் உரிய இடம் அதுதான்.

இணைப்பு வராதபோது குறை எங்கே உள்ளது என்பதைப் படிப்படியாகத் தேடலாம். கணினிக்கு முகவரியே கிடைக்கவில்லை என்றாலும், 169.254 என்று தொடங்கும் முகவரி காணப்பட்டாலும், டிஎச்சிபி வழங்கியிடமிருந்து விடை வரவில்லை என்பது பொருள். கம்பிவட மோடங்கள் பல, தலைமையிடத்தோடு தொடர்பு கிட்டாதபோது 192.168.100 என்று தொடங்கும் தற்காலிக முகவரியைத் தாமே கொடுக்கும். அதைக் கண்டால் ஓரச்சு வடத்தையும் அதன் திருகு இணைப்பையும் சோதிக்க வேண்டும். முறையான முகவரி இருந்தும் இணையதளம் திறக்கவில்லையெனில், முனையத்தில் ‘பிங்’ என்னும் கட்டளையால் 8.8.8.8 போன்ற ஓர் எண் முகவரியை அழைத்துப் பார்க்கலாம். எண்ணுக்கு விடை வந்து, தளத்தின் பெயருக்கு வாராதிருந்தால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் வழங்கியே குறையுடையது. அதனை அமைவுகளில் மாற்றிக்கொள்ள முடியும்.

இவ்வளவும் பார்த்தபின் நிறுவனத்தை அழைப்பவர், ‘இணையம் வரவில்லை’ என்று மட்டும் கூற வேண்டியதில்லை. ‘மோடத்தின் விளக்கு நிலையாக ஒளிர்கிறது, மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தும் பார்த்துவிட்டேன், கணினிக்கு முகவரி வரவில்லை, என் அட்டையின் எண் இது, பதிவைச் சரிபாருங்கள்’ என்று அவர் சொல்லலாம். அந்த அழைப்பில் இயக்க அமைப்பின் பெயரைக் குறிப்பிட வேண்டிய தேவையே எழாது.