சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது, சிறுநீரையும் பாருங்க



எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருஷம். மாத்திரை ஒரு மாசம் போடுவார், ரெண்டு மாசம் விடுவார். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு வெயிலில் களை வெட்டப் போவார். போன வருஷம் கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனப்போதான் சிறுநீரகம் செயலிழந்தது தெரிஞ்சது. இப்போ வாரம் மூணு நாள் டயாலிசிஸ். ஒரு ஏக்கரைக் கிரயம் பண்ணிட்டார். "வலியே இல்லையே சார், எப்படித் தெரியும்?"னு அவர் கேட்டதால்தான் இதை எழுதுறேன்.

வலிக்காது என்பதுதான் இந்த நோயின் குணம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனும் நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரளவு சிறுநீராக அனுப்பிவிட்டு, மீதியை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறும். சில வருஷத்தில் சல்லடைக் கண் பெரிதான மாதிரி புரதம் சிறுநீரில் ஒழுகும். இரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் நுண்குழாய்கள் தடித்துப் போகும். பழுதான சிறுநீரகம் கொதிப்பை இன்னும் ஏற்றும்.

செத்த நெஃப்ரான் திரும்ப முளைக்காது. மீதியிருப்பவை கூடுதல் சுமை இழுப்பதால், பாதி போகும்வரை கிரியாட்டினின்கூட சரியாகவே காட்டலாம். வட்டி ஒழுங்கா வந்துகிட்டே இருக்கும், உள்ளே அசல் கரையும். அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் அல்புமின் பரிசோதனை.

சர்க்கரை இல்லாத உழவர்களுக்கும் இந்நோய் வருது. இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் ஊர் ஊராகப் பாதிப்பு. காரணம் முழுதாக நிரூபணமாகவில்லை. வெயிலில் நீர் வற்ற உழைப்பது, குடிநீர், பூச்சிக்கொல்லி எனப் பலவும் ஆராயப்படுது.

"நாமதான் விஷமில்லாம சாப்பிடுறோமே" என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. பாரம்பரிய அரிசியும் அரிசிதான். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஏர் பிடித்த தாத்தா சாப்பிட்ட சோற்றை, பைக்கில் தோட்டம் போகிற நாம் சாப்பிட முடியாது.

செய்ய வேண்டியவை:

சோற்றைக் குறைத்து காய், கீரை, பயறு கூட்டுங்க. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் அதில் சேர்த்தி.

உச்சி வெயில் வேலையைத் தவிருங்க. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிங்க.

வலி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் போடாதீங்க. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தை நேராகத் தாக்கும்.

சர்க்கரை, கொதிப்பு உள்ளவங்க வருஷம் ஒருமுறை சிறுநீர் அல்புமினும் கிரியாட்டினினும் பாருங்க. கொதிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவங்களுக்கு இளநீரும் பழச்சாறும் ஆகாமல் போகலாம். அதிலுள்ள பொட்டாசியம் தேங்கினால் இதயத்துடிப்பே பாதிக்கும். எவ்வளவு தண்ணீர் என்பதையும் டாக்டரிடமே கேளுங்க.

மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் போடாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றோம். இந்த மாசம் நம்ம சிறுநீரையும் ஒருமுறை கொடுத்துப் பார்த்துடுவோம்.