புகையை விடவைக்கும் மஞ்சள் பூ மரம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புகையிலை கிடைக்காமல் தவித்த படைவீரர்கள், லாபர்னம் என்ற மரத்தின் இலையை உலர்த்திப் புகைத்தார்கள். நம்மூர் சரக்கொன்றையைப் போலவே மஞ்சள் பூக்கள் சரம்சரமாகத் தொங்கும் ஐரோப்பிய மரம் அது. இலை, பூ, விதை என எல்லாவற்றிலும் சைட்டிசின் என்ற நஞ்சு உண்டு, விதையில் அதிகம். சைட்டிசின் உடலுக்குள் நிகோட்டினைப் போலவே வேலை செய்கிறது என்பதை டேல், லெயிட்லா என்ற இரு ஆய்வாளர்கள் 1912-லேயே காட்டியிருந்தார்கள். பல்கேரியாவில் அதைப் பிரித்தெடுத்து, அளவு குறித்து, 1964-ல் 'டாபெக்ஸ்' என்ற மாத்திரையாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். புகைப்பழக்கத்தை விடுவதற்கென்றே வந்த முதல் மருந்துகளில் அதுவும் ஒன்று.

நிகோட்டினும் சைட்டிசினும் செடிகள் தங்களைத் தின்னவரும் உயிர்களை விரட்டச் சுரக்கும் கசப்பு நஞ்சுகள். ஒருவர் சிகரெட்டை இழுத்ததும், சில நொடிகளில் நிகோட்டின் மூளையை எட்டி அங்குள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே டோபமைன் சுரந்து இதமாக இருக்கிறது. நாளடைவில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. நிகோட்டின் வராத நேரத்தில் அவை சும்மா இருப்பதில்லை: எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை. பழக்கத்தை விட நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில நாட்களிலேயே இதில்தான் தோற்றுப்போகிறார்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் ஏசுவது அநியாயம்.

சைட்டிசின் அதே ஏற்பிகளில்தான் உட்காருகிறது, ஆனால் அரைகுறையாகவே தூண்டுகிறது. அதனால் தவிப்பு தணிகிறது. இடையில் ஒரு சிகரெட் பிடித்தாலும், நிகோட்டினுக்கு உட்கார இடம் இல்லாததால் பழைய சுகம் கிடைப்பதில்லை. வழக்கமான முறையில் மொத்தம் 25 நாட்கள் மருந்து. முதல் மூன்று நாட்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக ஆறு மாத்திரைகள், பிறகு படிப்படியாகக் குறைப்பு. ஐந்தாம் நாளுக்குள் சிகரெட்டை அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

கிழக்கு ஐரோப்பாவுக்கு வெளியே பல ஆண்டுகள் இதைக் கண்டுகொள்வார் இல்லை. 2011-ல் வார்சாவில் 740 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 8.4 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.4 சதவீதத்தினர். நூற்றுக்கு எட்டுப் பேர்தானா என்று தோன்றலாம். ஆனால் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் என்பது இந்தப் பழக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. 2014-ல் வெளியான நியூசிலாந்துச் சோதனையில் 1,310 பேர். அங்கே நிகோட்டின் பட்டை, சூயிங் கம் போன்றவற்றையே சைட்டிசின் முந்தியது. குமட்டலும் தூக்கக் கோளாறும் மட்டும் கூடுதலாக இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதையும் பரிந்துரைத்துள்ளது.

எல்லா மூலிகைக்கும் இந்த வரலாறு கிடையாது. லோபெலியா செடியில் இருக்கும் லோபெலினும் நிகோட்டினை ஒத்தது என்று பல காலம் விற்றார்கள். பலன் நிரூபிக்கப்படாததால், கடையில் நேரடியாக விற்கும் புகை நிறுத்த மருந்துகளில் அதைச் சேர்க்க அமெரிக்கா 1993-ல் தடை விதித்தது. மனச்சோர்வுக்கு மருந்தாகப் பெயர்பெற்ற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் சோதனையில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது 'மூலிகை சிகரெட்'. துளசியோ புதினாவோ, எந்த இலையைக் கொளுத்தி இழுத்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் போகும். நிகோட்டின் இல்லை என்பதை மட்டும் சொல்லி இதை விற்பது பெரிய ஏமாற்று. புகையிலையும் ஒரு செடிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் நம் அஞ்சறைப் பெட்டியால் பயனே இல்லையா? உண்டு, அளவோடு. மிளகு எண்ணெயின் ஆவியை உள்ளிழுத்தால் புகைக்கும் ஏக்கம் குறைகிறது என்று 1994-ல் 48 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு காட்டியது. தொண்டையில் படும் அந்தக் காரம் சிகரெட் புகையை நினைவூட்டுவதுதான் காரணம் என்றார்கள். ஏக்கம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை ஒரு கிராம்பையோ ஏலக்காயையோ வாயில் அடக்கிக்கொள்வதில் தவறில்லை. அதை மருந்து என்று மட்டும் நம்ப வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மரத்து விதையையும் மென்று பார்க்காதீர்கள். லாபர்னம் விதை உயிருக்கே ஆபத்து; சரக்கொன்றை முற்றிலும் வேறு மரம். மருத்துவரிடம் கேட்டு, அளவு குறித்த மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். இன்றே அழையுங்கள்.